மூக்குல தண்ணி ஏறினா என்ன? அமீபா பயத்துல நாம மறந்துபோன தாமிரபரணிக் கரை நோய்

2025 நவம்பர்ல சபரிமலை சீசன் தொடங்கினப்போ, மாலை போட்ட நெல்லைப் பசங்களோட வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்திச்சு. பம்பையில குளிக்கும்போது மூக்குக்குள்ள தண்ணி போகாம பார்த்துக்கணும்னு. வழக்கமா வர்ற ஃபார்வர்டு மாமா சமாச்சாரம்னு நினைச்சு தள்ளிவிட்டவங்க உண்டு. ஆனா அது கேரள சுகாதாரத் துறை பக்தர்களுக்கு நிஜமாவே சொன்ன அறிவுரை.

எங்க குரூப்ல ஒரு குருசாமி அண்ணாச்சி வாய்ஸ் நோட் போட்டிருந்தாரு. "ஏலே, பொறந்ததுல இருந்து ஆத்துல முங்கி வளர்ந்தவம்ல நாம. நமக்கு மூக்கைப் பிடிக்கச் சொல்லிக் குடுக்காங்க பாத்தியா!" அதுக்குக் கீழ இருபது சிரிப்பு எமோஜி. நானும் ஒண்ணு போட்டேன்.

அப்புறம்தான் ஸ்கூல்ல என் பக்கத்துல உட்கார்ந்த ஒருத்தன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல இந்த அமீபாவை முடிச்சிடலாம்.

நெக்லேரியா ஃபௌலேரி. செய்திகள்ல 'மூளையைத் தின்னும் அமீபா'. இளஞ்சூடான நன்னீர்ல, அதுவும் தேங்கிக் கிடக்கிற தண்ணியில நல்லா வளரும். அந்தத் தண்ணியைக் குடிச்சா ஒண்ணும் ஆகாது. மூக்கு வழியா ஏறினாதான் பிரச்னை. மூக்கோட கூரையில சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு மெல்லிய எலும்பு இருக்கு. வாசனை நரம்புகள் அது வழியாத்தான் மூளைக்குப் போகுது. அமீபாவுக்கும் அதே ரோடு. உள்ளே போயிட்டா சில நாள்ல காய்ச்சல், தலைவலி, வாந்தி, நினைவு தப்புறது. உலக அளவுல இந்த நோய் வந்தவங்கள்ல 100-க்கு 97 பேர் பிழைக்கலை.

கேரளாவுல முதல் கேஸ் 2016-ல ஆலப்புழையில. அதுக்கப்புறம் 2023 வரைக்கும் எண்ணிக்கை பத்தைக்கூடத் தொடலை. 2024-ல 36 பேர்னு அரசே சொல்லிச்சு. 2025 செப்டம்பர் நடுவுலயே 60-ஐத் தாண்டிருச்சு, 19 பேர் இறந்திருந்தாங்க. பார்த்தா பயமாத்தான் இருக்கு. ஆனா இந்த நம்பர் ஏன் ஏறுச்சுங்கிறதையும் பார்க்கணும். மூளைக்காய்ச்சல்னு வர்ற நோயாளிகளோட தண்டுவட நீரை அமீபாவுக்காகவும் டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சாங்க. 2024 ஜூலையில இதுக்குன்னு தனி சிகிச்சை வழிகாட்டி போட்டாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சதால அந்த வருஷமே கோழிக்கோடு பக்கத்துல ஒரு 14 வயசுப் பையன் பிழைச்சான். நெக்லேரியா மட்டும் இல்லாம வேற அமீபாக்களும் சிக்குச்சு. 2025 ஆகஸ்ட் கடைசியில 'ஜலமாணு ஜீவன்'னு பேர் வெச்சு ஊர் ஊரா கிணத்துக்கும் தொட்டிக்கும் குளோரின் போட்டாங்க. நோய் கூடியிருக்கலாம். ஆனா தேடினதாலயும் கூடுதலா கிடைச்சிருக்கு.

சரி, பொதிகைமலைக்கு இந்தப் பக்கம் வருவோம்.

ஸ்ட்ராபெர்ரி மாதிரி ஒரு சதை

அந்த ஃப்ரெண்டுக்கு ஒன்பதாம் வகுப்புல அடிக்கடி மூக்குல ரத்தம் வரும். ஒரே பக்கம். வெயில்ல விளையாடுனதால சூட்டுல வருதுன்னு சொல்லி தலையில தண்ணி தட்டி உட்கார வைப்பாங்க. அப்புறம் அந்தப் பக்கம் மூக்கடைப்பு. பேசும்போது சளி பிடிச்ச மாதிரியே இருக்கும். நாங்க கிண்டல் பண்ணினோம், அதை இப்போ சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. பத்தாவது பரீட்சை முடிஞ்ச லீவுல ஆபரேஷன். "மூக்குல சதை வளர்ந்திருந்துச்சாம்ல, எடுத்துட்டாவ" அப்படின்னு வந்து சொன்னான். காலேஜ் ரெண்டாவது வருஷம் மறுபடியும் அதே ஆபரேஷன்.

மூக்குல சதைன்னா நமக்குத் தெரிஞ்சது அலர்ஜியால வர்ற பாலிப். அது வெளிறி, வழவழன்னு, உரிச்ச திராட்சை மாதிரி இருக்கும். தொட்டா பெருசா ரத்தம் வராது. இவனுக்கு வந்தது வேற. செக்கச்செவேல்னு, மேல வெள்ளை வெள்ளையா புள்ளி வெச்சு, தொட்டாலே ரத்தம் கொட்டுற சதை. ஈ.என்.டி டாக்டர்கள் இதை ஸ்ட்ராபெர்ரியோட ஒப்பிடுவாங்க. பேரு ரைனோஸ்போரிடியோசிஸ். வாயில நுழையாத பேருதான். ஆனா தென் தமிழ்நாட்டு ஈ.என்.டி டாக்டர்களுக்கு இது புதுசில்லை.

அந்த வெள்ளைப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு பை. வளர்ந்த பை கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். அதுக்குள்ள ஆயிரக்கணக்குல விதை மாதிரி நுண்ணுயிர்கள். பை வெடிச்சா விதை சிதறும், பக்கத்துல உட்காரும், அது ஒரு பையாகும். ஆபரேஷன் பண்ணும்போது கொஞ்சம் சிதறினாலோ, அடிவேர் கொஞ்சம் மிஞ்சினாலோ மறுபடியும் முளைக்கும். என் ஃப்ரெண்டுக்கு ரெண்டாவது தடவை கத்தி வெச்சதுக்கு இதுதான் காரணமா இருக்கணும். அதனாலதான் சதையை வெட்டி எடுத்ததும் அடிப்பகுதியை மின்சாரத்தால சுட்டுவிடுறாங்க.

இது ஆளைக் கொல்லுற நோய் இல்லை, மிக அபூர்வமா உடம்பு முழுக்கப் பரவினால் தவிர. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்தாது. பெரும்பாலும் மூக்குல வரும். அடுத்தது கண்ணு. இமைக்கு உள்பக்கம் சின்னதா சிவப்பா ஒரு சதை, இல்லைன்னா கண்ணீர்ப் பையில வீக்கம். தமிழ்நாட்டுல கண்ணுல வர்ற ரைனோஸ்போரிடியோசிஸ் பத்தி 1990-லயே 'மைக்கோபேத்தாலஜியா'ங்கிற சர்வதேச இதழ்ல தனிக் கட்டுரை வந்திருக்கு. யாருக்கு வருதுன்னு பார்த்தா, அதிகமா 15-லிருந்து 40 வயசு வரைக்கும் உள்ள ஆண்கள். குளத்துல, ஆத்துல குளிக்கிறவங்க. வயல் வேலை செய்றவங்க. மாடு குளிப்பாட்டுறவங்க. மாட்டுக்கும் குதிரைக்கும் நாய்க்கும்கூட இது வருது.

உலகத்துல எழுபது நாடுகள் வரைக்கும் இது பதிவாகியிருக்கு. ஆனா கேஸ்கள்ல பெரும்பகுதி ரெண்டே நாட்டுல. இந்தியா, இலங்கை.

பியூனஸ் அயர்ஸ்ல ஆரம்பிச்ச கதை

இதை முதல்ல முறையா எழுதினவர் அர்ஜென்டினாவுல கில்லெர்மோ சீபெர். பியூனஸ் அயர்ஸ்ல 1900-ல அவர் சமர்ப்பிச்ச ஆய்வேடு அது. 1903-ல ஓ'கினீலி, கல்கத்தா நோயாளி ஒருத்தரைப் பத்தி எழுதினார். 1923-ல எடின்பரோவுல ஜேம்ஸ் ஆஷ்வொர்த், அங்கே படிச்சுக்கிட்டிருந்த ஒரு இந்திய மாணவரோட மூக்குச் சதையை வெச்சுத்தான் இந்த உயிரோட வாழ்க்கைச் சுழற்சியையே வரைஞ்சார். ஒரு இந்தியப் பையனோட மூக்கு இல்லைன்னா அந்தப் பாடமே இல்லை. பையன் பேரு நோய்க்கு வைக்கப்படலை, அது வேற விஷயம்.

ஆஷ்வொர்த் இதைப் பூஞ்சைன்னு முடிவு பண்ணினார். முக்கால் நூற்றாண்டு எல்லாரும் பூஞ்சைன்னே படிச்சாங்க. நடுவுல, இல்லை இது ஒரு நீலப்பச்சைப் பாசின்னு ஒரு வாதமும் வந்துச்சு. 1999-ல மரபணுவைப் படிச்சுப் பார்த்தா ரெண்டும் இல்லை. மீன்களுக்கு நோய் கொடுக்கிற ஒட்டுண்ணிகளோட சொந்தக்காரன் இது. பூஞ்சைக்கும் விலங்குக்கும் கிளை பிரியுற இடத்துக்கிட்ட நிக்கிற ஒரு பழைய குடும்பம். தண்ணிக்கும் இதுக்கும் உறவு இருக்கும்னு டாக்டர்கள் நூறு வருஷமா சொன்னது அப்போ சும்மா இல்லை.

இங்கேதான் பெரிய சிக்கல். இந்த உயிரை இன்னைக்கு வரைக்கும் ஆய்வுக்கூடத்துல வளர்க்க முடியலை. எந்தத் தட்டுல வெச்சாலும் நோயை உண்டாக்குற வடிவத்துல தொடர்ந்து வளராது. எலிக்கும் முயலுக்கும் கொடுத்து நோயை உண்டாக்கவும் முடியலை. வளர்க்க முடியாத கிருமி மேல மருந்தை எப்படி சோதிப்பீங்க? அதனால மருந்துக் கம்பெனிகளும் பக்கம் வரலை. நோயாளிகளோ குளத்துல குளிக்கிற ஏழைங்க. மாத்திரை கண்டுபிடிச்சா வாங்கப் போறது யாருன்னு கணக்குப் போட்டிருப்பாங்க. இது என் சந்தேகம்தான், ஆனா ரொம்பத் தப்பா இருக்காதுன்னு நினைக்கிறேன்.

இருக்கிற ஒரே மருந்தும் கடன் வாங்கினது. தொழுநோய்க்குக் கொடுக்கிற டாப்சோன். 1979-ல 'லாரிங்கோஸ்கோப்' இதழ்ல கே.கே.நாயர் ஒரு சோதனைச் சிகிச்சையோட முடிவை வெளியிட்டார். மூக்குலயும் மூக்குக்குப் பின்னால தொண்டைப் பகுதியிலயும் ரைனோஸ்போரிடியோசிஸ் வந்தவங்களுக்கு டாப்சோன் கொடுத்துப் பார்த்த ஆய்வு. பை முதிர்றதை அது தடுக்குதுங்கிறதுதான் டாப்சோன் மேல இருக்கிற நம்பிக்கை. இன்னைக்கும் ஆபரேஷனுக்கு அப்புறம் மாசக்கணக்குல டாப்சோன் கொடுக்கிற டாக்டர்கள் இருக்காங்க. நம்பாதவங்களும் இருக்காங்க. ரத்தசோகை வரலாம். ஜி6பி.டி குறைபாடு இருக்கிறவங்களுக்கு ரத்த அணுக்கள் உடையும். அதனால டெஸ்ட் எடுக்காம தொடக் கூடாத மாத்திரை இது. மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கிப் போட்டுடாதீங்க.

ஒரு நோய்க்கு வேலை செய்ற மருந்துன்னு பேச ஆரம்பிச்சாலே நாற்பத்தஞ்சு வருஷம் பழைய ஒரு ஆய்வைத்தான் காட்ட வேண்டியிருக்கு.

பூந்தமல்லி மணல்

இந்த நோயோட தமிழ்நாட்டு வரலாறுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 1933-ம் வருஷத்து ஒரு சின்னக் கட்டுரை. எழுதினவர் நொரோன்யா. சென்னைக்குப் பக்கத்துல பூந்தமல்லியில மணல் எடுக்கிற தொழிலாளர்கள்கிட்ட இந்த மூக்கு நோய் எவ்வளவு இருக்குன்னு பார்த்தார். 1937-ல மாண்ட்லிக்ங்கிற டாக்டரும் ஆத்துல முங்கி மணல் அள்ளுறவங்களைப் பத்தி இதே மாதிரி எழுதினார். இலங்கையிலயும் ஆத்து மணல் தொழிலாளிகள்கிட்ட இதைப் பார்த்திருக்காங்க.

ஏன் மணல்? மூக்கோட உள்தோல் முழுசா இருந்தா கிருமி உள்ளே போறது கஷ்டம். முங்கி முங்கி எழும்போது மணல் துகள் உள்ளே போய் கீறும். கீறின இடத்துல, தண்ணியில மிதக்கிற விதை உட்காரும். மணல் கீறணும், கிருமி இருக்கிற தண்ணி படணும், ரெண்டும் ஒண்ணா நடக்கணும். குளத்துல நூறு பேர் குளிச்சா ஏன் ஒருத்தருக்கு மட்டும் வருதுங்கிறதுக்கு ஓரளவு பதில் இதுல இருக்கு. முழு பதில் இல்லை. ஓ குரூப் ரத்தக்காரங்களுக்கு அதிகம்னு ஒரு கருத்து உண்டு. சென்னையில எஸ்.காமேஸ்வரனும் மோகன் காமேஸ்வரனும் தொகுத்து 1999-ல வந்த வெப்பமண்டல ஈ.என்.டி நோய்கள் புத்தகத்துல இந்த நோய்க்குத் தனி அத்தியாயமே இருக்கு, அதுல இதுவும் பேசப்படுது. வேற இடத்து ஆய்வுகள்ல குரூப் கணக்கு ஒத்துப் போகலை.

வெள்ளைக்காரங்க ஊர்ல வராதான்னு கேட்டா, வந்துச்சு. 1992-93-ல செர்பியாவுல ஒரு ஏரியில நீந்தினவங்களுக்குக் கூட்டமா வந்துச்சு. ஐரோப்பாவோட முதல் தொற்றுப் பரவல்னு அது பதிவாகியிருக்கு. உடனே போய் யார், எந்த ஏரி, எப்போ குளிச்சாங்கன்னு துப்பறிஞ்சு ஆய்விதழ்ல எழுதிட்டாங்க. இலங்கையில பேராதனைப் பல்கலைக்கழகத்துல அர்சகுலரத்ன குழு பல வருஷம் இதே கிருமி பின்னாடி அலைஞ்சுது. நோயாளிகள் குளிச்ச தண்ணியில அதோட மரபணுத் தடயத்தைத் தேடுறதுக்கான வழியை உருவாக்கினதும் அவங்கதான். சத்தீஸ்கர்ல ராய்ப்பூர் மருத்துவமனை டாக்டர்கள் தங்க பழைய பயாப்ஸி ரெக்கார்டைப் புரட்டி 462 கேஸ் எடுத்து 2007-ல எழுதினாங்க. ஒரே ஊர், 462.

ராய்ப்பூர்ல பண்ணினதுக்குப் புது மெஷின் எதுவும் தேவைப்படலை. பழைய ரெஜிஸ்டரும் உட்கார்ந்து எண்ண ஆளும்தான் வேணும். நெல்லையில 1965-ல தொடங்கின அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரின்னு நாம சொல்றோமே, அதுதான். அங்கே ஈ.என்.டி துறை இருக்கு, நோய்க்கூறு இயல் துறை இருக்கு. 1988-லிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை கிளை இருக்கு. டவுனுக்கு மேற்கே கல்லூர்ல, கிராமப்புற சுகாதார ஆராய்ச்சிக்குன்னே மத்திய அரசோட சுகாதார ஆராய்ச்சித் துறை அமைச்ச மாதிரி ஆராய்ச்சி மையம் இருக்கு. பொதிகைமலையில இருந்து புன்னைக்காயல் வரைக்கும் சுமார் 125 கிலோமீட்டருக்கு ஒரு ஆறு, அதுல எட்டு அணைக்கட்டு, கால்வாய், வரிசையா குளங்கள். நோய், ஆள், ஆறு, ஆய்வாளர் எல்லாம் ஒரு மணி நேர பஸ் தூரத்துல. இப்படி ஒரு வசதி எடின்பரோவுல ஆஷ்வொர்த்துக்குக் கிடைச்சிருந்தா விட்டிருப்பாரா?

யாரும் கேட்காத ஒரு கேள்வி

டெங்கு வந்தா ஆஸ்பத்திரி அரசுக்குச் சொல்லியாகணும். காலராவும் அப்படித்தான். அமீபாவைக் கேரளா அப்படிக் கணக்குல எடுத்துக்கிட்டதாலதான் நம்ம வாட்ஸ்அப் வரைக்கும் விஷயம் வந்துச்சு. மூக்குச் சதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆபரேஷன் நடக்கும், சதை பயாப்ஸிக்குப் போகும், ரிசல்ட் வரும், ஃபைல் மூடப்படும். எந்தக் குளத்துல குளிச்ச ஆளுன்னு ஊர்வாரியா சேர்த்துப் பார்க்கிற ஏற்பாடு இல்லை. ஒரே குளத்தைச் சுத்தி அஞ்சு பேருக்கு வந்திருந்தாலும், அஞ்சு பேரும் அஞ்சு வேற ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிக்கிட்டா அந்த அஞ்சும் ஒரு இடத்துல சேராது.

உயிர் போற நோய்க்கு முதல் கவனம் கொடுக்கிறது சரிதான், அதுல எனக்குச் சண்டை இல்லை. ஆனா உயிர் போகலைங்கிறதுக்காக ஒரு பையன் மூணு தடவை மயக்க மருந்து வாங்கிப் படுக்குறது சின்ன விஷயம் ஆகிடுமா? கூலி வேலைக்குப் போறவருக்கு ஒரு ஆபரேஷன்னா குறைஞ்சது ரெண்டு வாரச் சம்பளம் போச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில ஆபரேஷன் செலவு போகலாம். போன கூலியை யார் கொடுப்பா?

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு பக்கமா மூக்குல ரத்தம் வர்றதை நம்ம பசங்க வெளியில சொல்றதே இல்லை. சூடுன்னு சொல்லி இளநீர் குடிச்சிட்டுப் போயிடுறாங்க. ஆபரேஷனுக்கு வரும்போது சதை மூக்கைத் தாண்டி தொண்டை வரைக்கும் தொங்குற நிலைக்கும் போகுது. சின்னதா இருக்கும்போது வந்தா ஒரே தடவையில வேரோட எடுக்குற வாய்ப்பு அதிகம்.

ஆறு எப்படி இருக்கு?

2018 அக்டோபர்ல மகா புஷ்கரத்துக்கு லட்சக்கணக்குல ஜனங்க தாமிரபரணியில முங்கினாங்க. குறுக்குத்துறையில கால் வைக்க இடமில்லை. அதே ஆத்துல நகரத்துச் சாக்கடை கலக்குறதைப் பத்தி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில வழக்கு நடக்குது. 2024 நவம்பர்ல நீதிபதிகளே நேர்ல நெல்லைக்கு வந்து ஆத்தங்கரையைப் பார்த்துட்டுப் போனாங்க. கோர்ட்டே படித்துறைக்கு இறங்கி வர்ற அளவுக்கு நிலைமை போயிருக்கு.

ஒண்ணை நேர்மையா சொல்லிடணும். சாக்கடை கலக்குறதால ரைனோஸ்போரிடியோசிஸ் வருதுன்னு யாரும் நிரூபிக்கலை. சாக்கடை இல்லாத கிராமத்துக் குளத்துலயும் இது இருக்கு, நூறு வருஷத்துக்கு முன்னாடியும் இருந்துச்சு. சோஷியல் மீடியாவுல "தாமிரபரணி விஷமாச்சு, மூக்கு அழுகுது"ன்னு யாராவது வீடியோ போட்டா நம்பாதீங்க. ஆனா ஓடுற ஆறு தேங்குற குட்டையா மாறுறது இந்த மாதிரி உயிர்களுக்கு வசதிதான்னு நினைக்க இடம் இருக்கு. மணலை அளவில்லாம அள்ளினதால ஆத்துக்குள்ள குழி குழியா நின்ன தண்ணியை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். 2010-ல ஆர்.நல்லகண்ணு தானே கோர்ட்ல நின்னு வாதாடி, தாமிரபரணியில மணல் அள்ள அஞ்சு வருஷத் தடை வாங்கினார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், ஆறு அவருக்கு வீட்டு வாசல். அவர் வாதாடினது ஆத்துக்காகவும் விவசாயத்துக்காகவும். மூக்குக்கும் சேர்த்துத்தான்னு சொன்னா அவரே சிரிப்பார்.

அமீபாவைத் தேட இங்கேயும் தண்ணி மாதிரி எடுக்கப் போறாங்கன்னா, அதே பாட்டில் தண்ணியில ரைனோஸ்போரிடியத்துக்கும் ஒரு பி.சி.ஆர் பண்ணலாம். வழி ஏற்கெனவே இருக்கு. தண்ணி எடுக்கப் போற ஜீப்புக்கு ரெண்டு தடவை டீசல் போட வேண்டாம். ஈ.என்.டி ஓ.பி சீட்டுல 'எங்கே குளிப்பீங்க'ன்னு ஒரு வரி சேர்க்கலாம். மருத்துவக் கல்லூரியில பி.ஜி படிக்கிறவங்க தீசிஸுக்குத் தலைப்பு தேடி அலையுறது எனக்குத் தெரியும். பத்து வருஷ பயாப்ஸி ரெஜிஸ்டரை ஊர் பேரோட பிரிச்சுப் போட்டா, வரைபடத்துல எந்தக் குளம் சிவப்பா தெரியுதுன்னு பார்க்கலாம். அதுவே உலகத்துக்குப் புதுத் தகவலா இருக்கும்.

அதுவரைக்கும் நாம?

குளிக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், நானே கேட்க மாட்டேன். பாபநாசத்துக்கும் மணிமுத்தாறுக்கும் போய் ரீல்ஸ் எடுக்காம நம்ம வாரக்கடைசி முடியாது. தேங்கின தண்ணியில, கலங்கல் தண்ணியில தலைகீழா டைவ் அடிக்காதீங்க. அடிச்சே ஆகணும்னா மூக்கைப் பிடிச்சுக்கோங்க, குருசாமி அண்ணாச்சி சிரிச்சாலும் பரவாயில்லை. அடி மண்ணைக் கிளறி விளையாடுறதும், மூக்குல சின்னப் புண்ணோ கீறலோ இருக்கும்போது முங்குறதும் வேண்டாம். யோகா வீடியோ பார்த்து ஜலநேதி பண்றவங்க கொதிக்க வெச்சு ஆறின தண்ணியை மட்டும் எடுங்க. அமெரிக்காவுல லூசியானாவுல 2011-ல குழாய்த் தண்ணியை அப்படியே நேதிப் பானையில ஊத்தி மூக்கைக் கழுவின ரெண்டு பேரு அமீபா தொத்தி இறந்திருக்காங்க. குளத்துப் பக்கமே போகாம வீட்டு பாத்ரூம்ல.

ஒரே பக்கமா மூக்கடைப்பு, ஒரே பக்கமா அடிக்கடி ரத்தம்னா சூடுன்னு விட்டுடாதீங்க. ஈ.என்.டி டாக்டர்கிட்ட போங்க, குளத்துல குளிக்கிற பழக்கம் இருக்குன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. வெளிநாட்டுல, வடக்குல, பெங்களூருல வேலை பார்க்குற நம்ம ஊர்க்காரங்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே இருக்கிற டாக்டர் இதை அதிகம் பார்க்காதவரா இருக்கலாம். எடுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க. குளத்துல குளிச்ச பிறகு ஆற்றிலோ நீர்நிலையிலோ இறங்கின சில நாள்ல கடுமையான தலைவலியும் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தா அது வேற கதை, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

என் ஃப்ரெண்டுக்குப் போன மாசம் போன் பண்ணினேன். ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு, இப்போ ஒண்ணும் இல்லையாம். அமீபா மெசேஜைப் பார்த்தியான்னு கேட்டேன். பார்த்தானாம். குளத்துக்குப் போறதை விட்டுட்டியான்னு கேட்டேன்.

"எப்பிடில விட முடியும்? குழாய்ல தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கத்தான் வருது. மாட்டை எங்க கொண்டு குளிப்பாட்ட? ஆனா நான் இப்போ முங்குறது இல்ல, செம்புல மோந்து ஊத்திக்குவேன்."

டாக்டர் அப்படி சொன்னாங்களான்னு கேட்டேன்.

"டாக்டர் ஒண்ணும் கேக்கலல. நானா பண்ணுதேன்."